கருவி வினைமுதலாகும்போது: செம்பரம்பாக்கம் – ஒரகடம் தொழில்வழித்தடமும் ‘அன்றாட வாழ்வில் தொழில்நுட்பம்’ என்னும் சொல்லாடலும்

ஆய்வுச்சுருக்கம்

‘தொழில்நுட்பம் அன்றாட வாழ்வை மாற்றியமைக்கிறது’ என்னும் தொடர் இன்றைய தமிழ்க் கட்டுரைகளிலும் கருத்தரங்க உரைகளிலும் மறுக்கவியலாத உண்மைபோல வழங்குகிறது. இத்தொடரில் கருவி எழுவாயாக நிற்கிறது. அதனை ஆக்குவோரும் அதனைக் குறித்து முடிவெடுப்போரும் தொடருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். தொல்காப்பியம் கூறும் எட்டுத் தொழில்முதனிலைகளை வினாநிரலாகக் கொண்டு இச்சொல்லாடலை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியும் அதனை ஒட்டி வளர்ந்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடமும் ஆய்வுக்களமாகின்றன. பயன்படுத்துவோரை மட்டும் நோக்கும் பார்வை, தொழில்நுட்பம் உருவாகும் ஊர்களின் அன்றாடத்தைக் காணத் தவறுகிறது என்பதும், அத்தவறு பொறுப்பு யாருடையது என்ற வினாவையே நீக்கிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தொழில்முதனிலை, வினைமுதல், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தொழிற்பேட்டை, பெண் தொழிலாளர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

தொழில்நுட்பமும் அன்றாட வாழ்வும் என்னும் பொருளில் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே நிரலில் அமைகின்றன. கைப்பேசி வந்தது, இணையம் பரவியது, கடிதம் மறைந்தது, வங்கிக்குச் செல்லும் தேவை குறைந்தது, வகுப்பறை திரைக்குள் புகுந்தது என மாற்றங்கள் வரிசைப்படுத்தப்படும். அடுத்து நன்மைகளும் தீமைகளும் இரு பட்டியல்களாகும். அளவறிந்து பயன்படுத்தினால் நலம் என்னும் அறிவுரையோடு கட்டுரை நிறைவுறும். இவற்றில் இடம்பெறும் மனிதர் ஒருவரே. அவர் பயனர். கருவி அவர் கைக்கு எவ்வாறு வந்தது, எந்த ஊரில் யார் கைகளால் ஒன்றுசேர்க்கப்பட்டது, அவ்வூரின் நீரும் நேரமும் என்னவாயின என்னும் வினாக்கள் எழுவதில்லை.

இப்பார்வையின் போதாமை தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கைப்பேசியைப் பற்றிக் கட்டுரை எழுதும் சென்னை ஆய்வாளரின் கையிலுள்ள கருவி, அவர் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணிநேரப் பயணத் தொலைவிலேயே பொருத்தப்பட்டிருக்கக்கூடும். அவர் குடிக்கும் நீரும் அதே திசையிலிருந்து வருவதாக இருக்கலாம். பூந்தமல்லிக்கு மேற்கே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும், அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என விரியும் தொழிற்பேட்டைகளும் ஒரே நிலப்பரப்பில் இரு தொழில்நுட்ப வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டுகின்றன. எனவே, அச்சொல்லாடலைச் சோதிக்க ஏற்ற களம் இது.

எட்டு முதனிலைகள்

ஒரு தொழில் நிகழ்வதற்கு எவையெல்லாம் முதனிலையாகின்றன என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமைமயங்கியல் எட்டாக வகுக்கிறது. வினை, அதனைச் செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்னும் ஏற்போர், இது பயன் என்னும் விளைவு ஆகியவை அவை. உரையாசிரியர்கள் குயவர் குடம் வனையும் தொழிலைக் காட்டி இவற்றை விளக்குவர். தண்டமும் சக்கரமும் அங்கே கருவிகள். எட்டனுள் ஒன்றாகவே கருவி அமைகிறது.

இதனை அடுத்த நூற்பா, வழக்கில் இவற்றுட் சில குறைந்து வருதலும் உண்டு என்கிறது. கொடி ஆடுதல் போன்ற வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. அக்குறைவு வினையின் இயல்பால் நேர்வது. வினையியலில் மற்றொரு நூற்பா, செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லுதலும் வழக்கு என ஏற்கிறது. ஒருவர் மெழுகிய திண்ணையைத் திண்ணையே மெழுகியதாகச் சொல்லும் வழக்கை உரைகள் சான்றாகத் தரும். இலக்கணம் இதனைப் பிழை எனத் தள்ளவில்லை. ஆயினும், சொல்லப்படாத ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை அது மறக்கவுமில்லை.

தொல்காப்பியர் இன்றைய தொழில்நுட்பத்தை முன்னறிந்தார் என்று கூறுவது இங்கு நோக்கமன்று. அவ்வகைக் கூற்றுகள் தொல்காப்பியத்திற்கும் பெருமை சேர்ப்பதில்லை; தொழில்நுட்ப ஆய்வுக்கும் உதவுவதில்லை. ஒரு வினையைப் பற்றி என்னென்ன கேட்கப்பட வேண்டும் என்னும் வினாநிரலாக மட்டுமே எட்டு முதனிலைகள் இங்குக் கொள்ளப்படுகின்றன. பொருத்துதல், திறத்தல், கட்டுதல், மூடுதல் ஆகியவை செய்பவரின்றி நிகழாத வினைகள். அவற்றில் செய்பவர் சொல்லப்படாமற்போவது வினையின் இயல்பால் நேர்வதன்று. சொல்வோரின் தெரிவால் நேர்வது. அத்தெரிவு யாருக்கு ஏதுவாகிறது என்பதே திறனாய்வு கேட்க வேண்டிய வினா.

நிலம்: ஏரியும் தொழிற்பேட்டையும்

தொழில்நுட்பம் என்றதும் மின்னணுக் கருவிகளையே நினைக்கும் பழக்கம், வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் சுட்டிய குறையை உடையது. புதியன புனையப்படுவதையே தொழில்நுட்ப வரலாறாக எழுதுவது, வழக்கில் நிலைத்திருக்கும் பழைய நுட்பங்களை மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். ஏரி அத்தகைய ஒரு நுட்பம். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், பாசனக்கால், ஆயக்கட்டு ஆகிய சொற்கள் ஒரு முழுமையான பொறியியல் அமைப்பின் உறுப்புகளைக் குறிக்கின்றன. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை பெருக்குதலை அரசின் கடனாக வலியுறுத்துகிறார். அங்கு எழுவாய் தெளிவானது. நீரைத் தேக்க வேண்டியவர் அரசர்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவையும் அதன் உறுப்பினர் தேர்வையும் குறிக்கின்றன. பதவிக்காலம் 360 நாள்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. ஏரியைப் பேணுவோர் யார், அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இதனைப் பொற்காலமாகப் போற்றுதலும் பொருந்தாது. அது பிரமதேய ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் தகுதிகளாகக் கேட்கப்பட்டன. கரையில் மண் சுமந்தவர்களுக்கு வாரியத்தில் இடமில்லை. எனினும், பொறுப்பேற்பவர் பெயர் மறைக்கப்படவில்லை என்னும் வேறுபாடு குறிக்கத்தக்கது.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. பாசன ஏரியாக இருந்த இது, இன்று சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று. நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் இங்கு உள்ளது. ஏரியின் மேற்கே, பல சிற்றேரிகளின் நீர் இதனை நோக்கி வரும் பரப்பில், சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சாண்ட்ரோ மகிழுந்து வெளிவந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட் – நிசான் கூட்டு ஆலையும், 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின.

நீரின் போக்குவரத்து இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. ஊர்ப்புற ஏரியின் நீர் மாநகரின் குழாய்களுக்குச் செல்கிறது. மாநகரின் கழிவுநீர் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் அளவு திறன்கொண்ட நிலையத்தில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் எதிர்ச்சவ்வூடு பரவலும் செய்யப்பட்டு, குழாய்வழியே இத்தொழிற்பேட்டைகளின் ஆலைகளுக்கு வருகிறது. பொறியியல் நோக்கில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு; நன்னீரை மிச்சப்படுத்துவது. ஆனால், நகரும் ஆலையும் நீரை மாற்றிக்கொள்ளும் இச்சுற்றில் ஆயக்கட்டு என்ற சொல்லுக்கு உரிய உழவர் எங்கே நிற்கிறார் என்பதைச் ‘சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் நீர்ச்சிக்கலைத் தீர்த்தது’ என்னும் தொடர் கேட்பதில்லை. நிலம் என்னும் முதனிலை அத்தொடரில் குறைந்துவிடுகிறது.

திறக்கப்பட்ட மதகு

செய்பவரைச் சொல்லாத் தொடர் வெறும் நடைக்குற்றமன்று. அதற்கு உயிர்விலை உண்டு. 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. ‘ஏரி திறக்கப்பட்டது’, ‘மதகுகள் திறந்தன’ என்பன அன்று வழங்கிய தொடர்கள். யார் ஆணையிட்டார், எப்போது, கீழ்ப்பகுதி மக்களுக்கு எந்த வழியில் முன்னறிவிப்புச் சென்றது என்பனவே அடுத்து எழுந்த அரசியல், சட்டப் பூசல்களின் மையம். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, நீர் வெளியேற்றம் கையாளப்பட்ட முறையைக் கடுமையாகக் குறைகூறியது. மழை இயல்புக்கு மிக அதிகம் என்பதும், அடையாறு செம்பரம்பாக்கத்தின் உபரிநீரை மட்டுமன்றித் தாம்பரம் வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீரையும் சுமந்தது என்பதும் மறுதரப்பின் விளக்கம்.

இருதரப்பு வாதங்களின் நியாயம் எதுவாயினும், தணிக்கை அறிக்கை செய்த மொழிப்பணி ஒன்று உண்டு. ‘திறக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைக்கு வினைமுதலை அது தேடியது. இன்று வடகிழக்குப் பருவத்தில் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் நாள்தோறும் அடிக்கணக்கில் கைப்பேசித் திரைகளில் வந்துசேர்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் முன்கூட்டியே அறிவித்து, தொடக்கத்தில் 1,000 கன அடி அளவில் நீர் திறக்கப்பட்டதைச் சென்னை மக்கள் நேரலையில் கண்டனர். இம்மாற்றத்தைத் தகவல் தொழில்நுட்பத்தின் கொடையாகக் கூறுதல் எளிது. 2015லும் கைப்பேசிகள் இருந்தன என்பதை அக்கூற்று மறந்துவிடுகிறது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மாறியது கருவி மட்டுமன்று. அறிவிக்க வேண்டிய கடன் யாருடையது என்ற கேள்வி பொதுவெளியில் அழுத்தம் பெற்றிருந்தது.

காலம்: ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட்

அன்றாடம் என்பதே நாள்கணக்கில் அளக்கப்படும் காலம். தொழில்வழித்தடத்தின் ஊர்களில் காலத்தை வகுப்பது ஷிப்ட் என்னும் பணிமுறை. ஊழியர் பேருந்துகள் விடியுமுன்னரே பூந்தமல்லியிலும் காஞ்சிபுரத்திலும் திருவள்ளூரிலும் தொழிலாளரை ஏற்றிக்கொள்கின்றன. தேநீர்க்கடை திறக்கும் நேரமும், இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதும் ஆலையின் நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன. பயனரின் அன்றாடத்தைக் கைப்பேசி எவ்வளவு மாற்றியதோ, அதைவிடக் குறையாத அளவில் அதனைச் செய்பவரின் அன்றாடத்தையும் அது மாற்றியுள்ளது. முன்னதற்குக் கட்டுரைகள் பல. பின்னதற்கு அந்த அளவு கவனமில்லை.

காலத்தின் நீளம் இயந்திரத்தால் முடிவாவதில்லை என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த முன்வரைவு நிறைவேறியது. நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை வாங்கும் நெகிழ்வுக்கு அது வழிவகுத்தது. மின்னணு, காலணி முதலிய துறைகளுக்கு முதலீட்டை ஈர்ப்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்களில் ஒரு தொழிலாளியின் நாள் சட்டத்தில் நான்கு மணிநேரம் நீள இருந்து, மீண்டும் எட்டாயிற்று. இயந்திரத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை. நாளின் நீளத்தைத் தொழில்நுட்பம் வகுக்கிறது என்ற கூற்று இந்நிகழ்வின்முன் நிற்கவில்லை.

செய்பவர்: பெயர் பற்றிய வழக்கு

ஐபோன் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிடப்படும் குறிப்பைத் தமிழாக்கினால், கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனத்தால் வடிவமைக்கப்பட்டது, இந்தியாவில் பொருத்தப்பட்டது என்றாகும். இரண்டும் செயப்பாட்டு வினைகளே. முதலாவதற்கு வினைமுதலும் நிலமும் உண்டு. இரண்டாவதற்கு நிலம் மட்டுமே உண்டு. சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய பாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்களைப் பொருத்துவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் உள்ளனர் என்பதோடு சேர்த்து நோக்கினால், பெட்டியில் விடுபட்ட மூன்றாம் வேற்றுமைச் சொல்லின் பொருள் விளங்கும்.

செய்பவர் சொல்லப்படாத தொடரில், அவர் நீக்கப்படுவதும் சொல்லப்படுவதில்லை. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சகட்டத்தில் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இவ்வாலை அவ்விற்பனைக்குள் வரவில்லை. இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றனர். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ‘பொத்தான் கைப்பேசியின் காலம் முடிந்தது’ என்று இதனைத் தொழில்நுட்ப மாற்றமாகவே பலர் எழுதினர். திறன்பேசியின் வரவு நோக்கியாவின் சந்தையைச் சரித்தது உண்மை. ஆயினும், ஆலையின் கதவை அடைத்ததில் ஒரு விற்பனை ஒப்பந்தத்திற்கும் வரித் தகராற்றுக்கும் பங்குண்டு. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் என்னும் புதுவகை மனிதரைத் தோற்றுவித்தவை அவையும் ஆகும். அவ்வளாகம் பின்னர் மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியோரின் நிலை குறித்து உறுதியான தகவல் கிடைக்காத சூழலில் இறப்பு பற்றிய வதந்தி சமூக ஊடகங்களில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இதனைப் போலிச்செய்தியின் தீமைக்குச் சான்றாக மட்டும் காண்பது பயனர் நோக்கின் எல்லை. பொருத்துபவராக அவர்களை வைத்து நோக்கினால் வேறொன்று தெரிகிறது. உலகெங்கும் செய்தி கொண்டுசெல்லும் கருவியைச் செய்வோருக்குத் தம் தோழியின் உடல்நிலை பற்றிய செய்தி கிட்டவில்லை. வதந்தி அவ்வெற்றிடத்தை நிரப்பியது. தொலைவிலுள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தம் தரத்திற்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைத் தற்காலிகக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க, 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய வளாகம் திறக்கப்பட்டது. வசதிகள் உயர்ந்தன. அம்மாற்றத்திற்கு நெடுஞ்சாலையில் அமர்ந்தவர்களும் ஒரு வினைமுதல் என்பதைத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் தேடுவது வீண்.

சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள்கள் நடந்த வேலைநிறுத்தம் இவ்வாதத்தை மேலும் கூர்மையாக்குகிறது. ஊதியத்தோடு, சங்கத்திற்கு ஏற்பளிப்பு என்பதும் முதன்மைக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருப்பது வணிகக்குறி உரிமைக்கு முரண் என்னும் ஆட்சேபம் எழுந்தது. உயர்நீதிமன்றம்வரை சென்ற பதிவு விவகாரம் 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்ற பெயரிலேயே பதிவானபோது முடிவுற்றது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பெயர் இருக்கலாம். அதே பெயரைச் செய்பவர் தம் அமைப்புக்குச் சூடலாமா என்பதே வழக்கு. செயப்படுபொருளின் பெயரும் செய்பவரின் பெயரும் ஒரே தொடரில் நிற்கப் பல மாதங்கள் ஆயின.

இன்னதற்கு, இது பயன்

எஞ்சிய முதனிலைகள் இரண்டும் நன்மை – தீமைப் பட்டியலுக்கு மாற்றாகக் கொள்ளத்தக்கவை. யாருக்கு என்ன பயன் எனப் பிரித்துக் கேட்டால், விடை ஒற்றையாக அமைவதில்லை. ஆலை வேலை முதன்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கையும், தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தும் ஆற்றலையும், திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும் வாய்ப்பையும் தரக்கூடியது. இதனை மறுப்பது தொழிலாளரின் தெரிவையே மறுப்பதாகும். அதே வேளையில், 2024 ஜூனில் திருமணமான பெண்கள் ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுக்கப்படாமை குறித்து ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. வேலைவாய்ப்பு என்னும் பயன், வாழ்வின் எந்தப் பருவம்வரை, யாருக்கு என்ற வரையறையோடு வருகிறதா என்னும் வினாவை இச்செய்தி எழுப்பியது. ‘தொழில்நுட்பம் பெண்களுக்கு அதிகாரமளித்தது’ என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை உருபு பெண்கள் அனைவரையும் ஒருசேரத் தழுவுகிறது. நடைமுறையின் உருபு அவ்வளவு தாராளமானதன்று.

கலைச்சொல்லும் புனைவும்

சொல்லாடலின் சாய்வு சொல்லாக்கத்திலும் தென்படுகிறது. திறன்பேசி, செயலி, பயனர், கடவுச்சொல், தரவிறக்கம், காணொலி எனப் பயன்பாட்டுப் புறத்தில் தமிழ் கடந்த முப்பதாண்டுகளில் வளமான சொற்களைப் படைத்து வழக்குக்கும் கொண்டுவந்துள்ளது. ஆலைக்குள் வழங்குபவை லைன், டார்கெட், ஓ.டி., ட்ரெய்னி, கான்ட்ராக்ட், சூப்பர்வைசர் முதலியவை. மிகைநேரப் பணி, ஒப்பந்தத் தொழிலாளர் போன்ற ஆக்கங்கள் சட்ட ஏட்டில் உள்ளன. உற்பத்தி வரிசையில் நிற்பவரின் நாவில் இல்லை. இதற்குத் தொழிலாளரைக் குறைகூற இயலாது. கலைச்சொல்லாக்கம் யாரை முன்னிலைப்படுத்தி நடந்தது என்பதே கேள்வி. மதகு, கலங்கல் ஆகியவற்றைப் போல ஆலையின் உறுப்புகளுக்கும் செய்வோரின் மொழியிலிருந்து சொல் கொள்ளும் களப்பணி இன்னும் விரிவாக நிகழ வேண்டியுள்ளது.

புனைவிலக்கியத்திலும் இப்பிளவு உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தோடு தொடர்புடைய பொறியாளரான சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’ போன்ற படைப்புகளால் கருவியைத் தமிழ் வாசகரின் கற்பனைக்குள் கொண்டுவந்தார். மறுபுறம், தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, ‘கூட்டுக்குஞ்சுகள்’, டி. செல்வராஜின் ‘தோல்’ ஆகியவை தறியிலும் உப்பளத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் செய்பவரைக் கண்டன. விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ மென்பொருள் வழித்தடத்தை நாவலின் களமாக்கியது. முதல் மரபில் கருவி உண்டு, அதைப் பொருத்தும் கை இல்லை. இரண்டாம் மரபில் கை உண்டு, அது தொடும் பொருள் பஞ்சும் உப்பும் தோலும். மின்னணு உற்பத்தி வரிசையில் நிற்கும் பெண் இவ்விரு மரபுகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். கரிப்பு மணிகளுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களில் ராஜம் கிருஷ்ணன் மேற்கொண்ட களத்தேடல் போன்ற ஒன்றை அவ்விடம் வேண்டி நிற்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

கருவிக்கு ஆற்றலே இல்லையா என்னும் மறுப்பு எழலாம். லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரையில், கருவிகளுக்குள்ளேயே அரசியல் உறைந்திருக்கலாம் என வாதிட்டார். உற்பத்தி வரிசையின் வேகம், கழிவறைக்குச் செல்லும் நேரத்தைக்கூடக் கணக்கிட வைக்கும் தன்மையது. மதகின் அளவு வெளியேறும் நீரின் உச்சத்தை வரையறுக்கிறது. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. கருவியும் முதனிலைகளுள் ஒன்று என்பதன் பொருளே அதற்கும் வினையில் பங்குண்டு என்பதுதான். ஆனால், வரிசையின் வேகத்தை ஒருவர் நிருணயிக்கிறார். மதகின் அளவை ஒருவர் வரைகிறார். கருவியின் ஆற்றல் என்பது, முன்னொரு காலத்தில் சிலர் எடுத்த முடிவு இரும்பிலும் காங்கிரீட்டிலும் இறுகிய வடிவம். அம்முடிவை மீண்டும் கேள்விக்கு உட்படுத்த இயலும் என்பதை 2023ஆம் ஆண்டு மே முதல் நாளும், வல்லம் வடகால் வளாகமும், ஒரு சங்கத்தின் பதிவும் காட்டுகின்றன.

முடிவுரை

‘அன்றாட வாழ்வில் தொழில்நுட்பம்’ என்னும் பொருளில் தமிழில் எழுதப்படுவன கருவியை வினைமுதலாக்கி, ஏனைய முதனிலைகளைக் குறைத்துவிடுகின்றன. செம்பரம்பாக்கம் – ஒரகடம் வழித்தடத்தில் அம்முதனிலைகளை மீட்டு நோக்கும்போது, ஏரிநீரின் இடமாற்றம், வேலைநாளின் நீளம், பொருத்துவோரின் பெயர், பயனின் எல்லை ஆகிய நான்கும் இயந்திரத்தின் இயல்பால் அல்லாமல் மனிதரின் முடிவுகளாலும் அவற்றுக்கு எதிரான முயற்சிகளாலும் அமைந்தவை எனத் தெரிகிறது. இப்பொருளில் இனி எழும் ஆய்வுகள் பயனரோடு நின்றுவிடாமல் ஆக்குவோரையும் அவர்தம் ஊரையும் தரவாகக் கொள்வதும், ஆலைத்தள வழக்குச் சொற்களைத் திரட்டுவதும், செயப்பாட்டு வினையில் எழுதப்பட்ட ஒவ்வொரு தொடரிலும் விடுபட்டவர் யார் எனக் கேட்பதும் தேவை. தொழில்நுட்பம் என்னும் சொல்லின் முதற்பகுதி தொழில். அதனை விட்டு நுட்பத்தை மட்டும் ஆராயும் திறனாய்வு, தான் எடுத்துக்கொண்ட சொல்லையே பாதியாகத்தான் படிக்கிறது.